முதலை, இடங்கர், கராம்: தமிழ்ப் பெயர்வழக்கும் முதலையினங்களின் பரிணாம வகைப்பாடும் – தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியம் முதலை, இடங்கர், கராம் என்னும் மூன்று பெயர்களை வழங்குகிறது. இந்திய நீர்நிலைகளில் இன்று வாழும் முதலையினங்களும் மூன்றே. எண்ணிக்கையில் அமைந்த இந்த ஒப்புமை, மூன்று பெயர்களும் மூன்று இனங்களையே குறித்தன என்ற முடிவுக்கு எளிதில் இட்டுச் செல்கிறது. இக்கட்டுரை அம்முடிவை முதலையினங்களின் பரிணாமம், வகைப்பாட்டு வரலாறு, இனங்களின் பரவல் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்கிறது. அலிகேட்டர் என்னும் சொல் குடியேற்றக் காலத்தில் தென்னிந்திய முதலையின்மேல் ஏற்றப்பட்ட வரலாற்றையும் விளக்குகிறது. தாம்பரத்தை அடுத்த நெடுங்குன்றம் ஏரியில் காணப்படும் முதலைகள் பற்றிய விவாதத்தில் பெயரும் வகைப்பாடும் பெறும் இடத்தை இறுதியில் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்

முதலை, இடங்கர், கராம், அலிகேட்டர், குறிஞ்சிப்பாட்டு, வகைப்பாடு, பரிணாமம், வடநெம்மேலி, நெடுங்குன்றம்.

முன்னுரை

2023 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைச் சூழ்ந்திருந்தபோது, பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்து சென்ற காட்சி கைப்பேசிகளின்வழி பரவியது. வண்டலூர் உயிரியல் பூங்காவிலிருந்து தப்பியதா, வடநெம்மேலியிலிருந்து வந்ததா, ஏரியிலேயே வாழ்வதா என்ற வினாக்கள் உடனே எழுந்தன. சென்னையின் நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன என்றும், அவை மனிதரைத் தவிர்க்கும் இயல்பின என்றும் அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது.

இந்நிகழ்வு குறித்த செய்திகளிலும் உரையாடல்களிலும் முதலை என்னும் ஒரே சொல் பயன்பட்டது. அச்சொல் இன்று அமெரிக்காவின் அலிகேட்டர், ஆப்பிரிக்காவின் நைல் முதலை, கங்கையின் கரியால், செங்கல்பட்டு மாவட்ட ஏரியின் சதுப்புநில முதலை ஆகிய அனைத்தையும் குறிக்கும் பொதுச்சொல்லாக நிற்கிறது. ஆனால் பழந்தமிழில் இவ்விலங்குத் தொகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்கின. அவை குறித்த வேறுபாடு யாது? அவ்வேறுபாட்டை இன்றைய உயிரியல் வகைப்பாட்டோடு பொருத்திப் பார்ப்பது எவ்வளவு தூரம் தகும்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் அடிப்படை.

1. சங்க இலக்கியத்தில் மூன்று பெயர்கள்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கிறாள். இரவில் தலைவன் வரும் வழியின் இடர்களைத் தலைவி எண்ணி வருந்துவதை அவள் எடுத்துரைக்கும் பகுதியில், காட்டு விலங்குகள், இடி, பாம்பு முதலியவற்றோடு நீர்வாழ் கொடிய உயிர்களாக முதலை, இடங்கர், கராம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, அப்பட்டியலில் வரும் பிற உயிர்கள் தம்முள் வேறானவை; எனவே இம்மூன்றையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது பட்டியலின் அமைப்புக்குப் பொருந்தாது. மற்றொன்று, வளைந்த காலையுடைமை என்னும் அடை முதற்பெயருக்கே தரப்பட்டுள்ளது. மற்ற இரண்டும் அடையின்றி நிற்கின்றன. ஆகவே வேறுபாடு உண்டு என்பது பாட்டால் பெறப்படுகிறது. அவ்வேறுபாடு எதில் அமைந்தது என்பது பெறப்படவில்லை.

புறநானூற்றின் 37ஆம் பாடலில் மாறோக்கத்து நப்பசலையார் கிள்ளிவளவனின் வெற்றியைப் பாடும்போது, பகைவர் நகரின் அகழியில் கராம் மிகுந்திருந்ததையும், நீர்நிலையில் முதலைகள் இரவுக் காவலர் ஏந்திய விளக்கின் நிழலைக் கவ்வப் பாய்ந்ததையும் காட்டுகிறார். அப்பாடலின் ஓரிடத்தில் எழுத்துத் தொடர்ச்சியால் இடங்கர் என்னும் சொல்லும் இருப்பதுபோல் தோன்றும். அதனை இடம், கரிய எனப் பிரித்து, ஆழமான நீர்ப்பகுதியைச் சுட்டுவதாகக் கொள்வதே பொருத்தமாகும். இரவில் இயங்கும் முதலையின் இயல்பை இப்பாடல் கூர்ந்து பதிவு செய்துள்ளது. இக்கால ஆய்வாளர்களும் இரவில் விளக்கொளி வீசி, முதலையின் கண் திருப்பி ஒளிரும் ஒளியைக் கொண்டே அவற்றைக் கணக்கெடுக்கின்றனர்.

உரையாசிரியர்களும் நிகண்டுகளும் இச்சொற்களை இருவகையாகக் கையாண்டுள்ளனர். உரைமரபு இடங்கரையும் கராத்தையும் முதலையின் சாதி வேறுபாடுகளாகக் கொள்கிறது. நிகண்டு மரபு, செய்யுள் யாப்போர்க்கு ஒருபொருட் பெயர்களைத் தொகுத்துத் தரும் நோக்குடையது. ஆகவே அங்கு இவை ஒரு தொகுதியின் பெயர்களாக அருகருகே நிற்கின்றன. அகராதிகள் கராம் என்பதற்கு முதலைவகை என்பதோடு ஆண்முதலை என்ற பொருளையும் தருகின்றன. ஒரே சொல் ஓரிடத்தில் இனத்தையும் மற்றோரிடத்தில் பாலையும் குறிப்பதாக விளக்கப்படுவது, உரையும் நிகண்டும் எழுந்த காலத்திலேயே பழைய வேறுபாடு மங்கத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்றாகலாம்.

இம்மூன்றனுள் முதலை என்பதே மக்கள் வழக்கில் நிலைத்தது. மலையாளத்தில் முதல, கன்னடத்தில் மொசளெ, தெலுங்கில் மொசலி எனக் கிளைமொழிகளிலும் அது வழங்குவதால் அதன் தொன்மை புலனாகிறது. கராம் என்பதனை வடமொழியின் கிராஹ என்னும் சொல்லோடு உறவுடையதாகக் கூறுவாரும் உளர். முதலைக்குளம், முதலைப்பட்டி எனத் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் முதலை பயில்கிறது. அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்டதாக வழங்கும் தலபுராணச் செய்தியும், ஆற்றோரமல்லாத குளங்களிலும் முதலை வாழ்ந்தது என்னும் பொது அறிவின்மேல் எழுந்ததே.

2. அலிகேட்டர் என்னும் சொல்லின் வருகை

குடியேற்றக் காலத்து ஐரோப்பியர் எழுத்துகளில் தென்னிந்திய முதலை பெரும்பாலும் அலிகேட்டர் என்றே குறிக்கப்பட்டது. பல்லி என்னும் பொருள் தரும் எல் லகார்த்தோ என்ற ஸ்பானியத் தொடரிலிருந்து பிறந்த இச்சொல், அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் கண்ட விலங்கின் பெயராகப் பரவிக் கடல்வழி வணிகரின் வாய்மொழியில் ஆசிய ஆறுகளின் முதலைக்கும் ஏறியது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, இச்சொல் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் அன்றாட வழக்காக இருந்ததைப் பதிவு செய்கிறது. அக்காலத் தமிழ்–ஆங்கில அகராதிகளிலும் முதலைக்கு இரு ஆங்கிலப் பெயர்களும் வேறுபாடின்றித் தரப்பட்டன.

இம்மயக்கத்திற்கு உடலமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. சதுப்புநில முதலை, தன் பேரினத்தைச் சேர்ந்த முதலைகளுள் மிக அகன்ற முகவாயை உடையது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு அது அலிகேட்டரின் முகத்தையே நினைவூட்டும். ஆயினும் வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரிவது முதலைக் குடும்பத்தின் அடையாளம். அலிகேட்டரில் அப்பல் மேல்தாடையின் குழியுள் மறைந்துவிடும். முதலைக் குடும்பத்து விலங்குகளின் நாவில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் திறம்படச் செயல்படும். அலிகேட்டர் குடும்பத்தில் அத்திறன் இல்லை. இவ்வளவுகோல்களின்படி நோக்கின், இந்திய நிலத்தில் இயல்பாக வாழும் அலிகேட்டர் எதுவும் இல்லை. இந்தியாவுக்கு அணித்தாக இயற்கையில் வாழும் அலிகேட்டர், சீனாவின் யாங்சே ஆற்றுப் பகுதிக்குரிய சீன அலிகேட்டரே. அதற்கு 1879இல்தான் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

3. வகைப்பாட்டின் வரலாறு

ஐரோப்பிய அறிவியலிலும் முதலைகளின் வகைப்பாடு ஒரே நாளில் உருவானதன்று. லின்னேயஸ் 1758இல் முதலையைப் பல்லிகளின் பேரினத்துள்ளேயே அடக்கினார். 1768இல் லாரென்டி குரோக்கோடைலஸ் என்னும் தனிப் பேரினத்தை அமைத்தார். 1807இல் கூவியே முதலை, அலிகேட்டர், கரியால் என்ற முப்பிரிவை நிறுவினார். இன்றைய மூன்று குடும்பங்களின் கரு அங்கேயே அமைந்தது. உவர்நீர் முதலைக்கு 1801இல் ஷ்னைடரும், சதுப்புநில முதலைக்கு 1831இல் லெஸ்ஸனும் பெயரிட்டனர்.

இவ்வகைப்பாட்டைக் காலத்தோடு இணைத்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1875இல் வெளிவந்த தம் கட்டுரையில், மூக்குத் துளைகள் வாயினுள் திறக்கும் இடம் தொல்லுயிர் எச்சங்களில் படிப்படியாகப் பின்னோக்கி நகர்வதைக் காட்டி, முதலைகளை மூன்று வளர்நிலைகளாகப் பகுத்தார். நீருள் வாயைத் திறந்தபடியே மூச்சுவிட இன்றைய முதலைக்கு இயல்வது இவ்வமைப்பின் பயனே. உருவ ஒற்றுமையைக் கொண்டு அடுக்குவது என்ற நிலையிலிருந்து வழித்தோன்றலைக் கொண்டு அடுக்குவது என்ற நிலைக்கு வகைப்பாடு நகர்ந்ததற்கு இது ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

தமிழ் மரபிலும் உயிர்களை வகுக்கும் முயற்சி தொன்மையானது. தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுக்கிறது. அது உறவுமுறை வகைப்பாடு அன்று. அறியும் திறன் பற்றிய வகைப்பாடு. இரண்டின் நோக்கங்களும் வேறு. ஒன்றன் அளவுகோலால் மற்றதனை உயர்ந்தது என்றோ குறையுடையது என்றோ மதிப்பிடுவது முறையன்று.

4. பரிணாமப் பின்னணி

முதலைகளும் பறவைகளும் ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்தவை. அப்பிரிவு டிரையாசிக் காலத்தில், ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. எனவே இன்று வாழும் உயிர்களுள் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பல்லியோ உடும்போ அன்று, பறவையே. நான்கு அறைகளாகப் பகுக்கப்பட்ட இதயம், கூடமைத்து முட்டையையும் குஞ்சையும் காக்கும் இயல்பு, குஞ்சுகள் குரலெழுப்பித் தாயை அழைத்தல் ஆகியன இவ்வுறவோடு பொருந்துவன.

தொடக்ககால முதலை மரபினர் நீர்வாழ் பேருருவினர் அல்லர். மெலிந்த காலுடன் நிலத்தில் ஓடிய சிறு விலங்குகள். பின்னர் அவற்றுள் ஒரு கிளை ஜுராசிக் காலக் கடல்களில் துடுப்பு போன்ற கால்களோடு வாழ்ந்தது. மற்றொரு கிளை கோண்ட்வானா நிலப்பரப்பில் பல்வேறு உணவுமுறைகளை மேற்கொண்டு பெருகியது. இன்றைய முதலை வரிசை கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதிக்குள் தோன்றிவிட்டது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவைத் தாண்டி அதன் கிளைகள் தொடர்ந்தன. ஆகவே முதலையை மாறாத தொல்லுயிர் என்று கூறுவது பிழை. மாறாமல் எஞ்சியது அன்று அது. பலவாறு மாறிய பெருங்கிளையின் ஒரு பகுதி மட்டுமே எஞ்சியது.

அலிகேட்டர் கிளை வட அமெரிக்காவில் செழித்தது. அங்கிருந்து ஆசியாவுக்கு வந்த பிரிவின் எச்சமே சீன அலிகேட்டர். தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமா பகுதியில் கிடைத்த மண்டையோட்டைக் கொண்டு 2023இல் அலிகேட்டர் முனென்சிஸ் என்னும் அழிந்துபோன இனம் விவரிக்கப்பட்டது. அக்குடும்பம் தென்கிழக்காசியா வரை பரவியிருந்ததை இது காட்டுகிறது. இந்தியாவின் சிவாலிக் பாறைகளிலோ வேறு கதை. அங்குக் கிடைத்த குரோக்கோடைலஸ் பேலியிண்டிகஸ், பேருருவமுடைய ராம்போசூக்கஸ் ஆகியவை முறையே முதலை, கரியால் வழிப்பட்ட உறவுகளைக் காட்டுவன.

வகைப்பாடு இன்னும் முடிந்த நூலன்று. எலும்பமைப்பைக் கொண்டு நோக்கியோர் கரியாலைப் பிற முதலைகள் அனைத்திலிருந்தும் முதலில் பிரிந்த கிளையாகக் கருதினர். மரபணுச் சான்றுகளோ, தென்கிழக்காசியாவின் தொமிஸ்தோமாவும் கரியாலும் உடன்பிறந்த கிளைகள் என்றும், அவ்விரண்டும் முதலைக் குடும்பத்துக்கு அண்மையவை என்றும் காட்டுகின்றன. 2019இல் நியூகினியின் தென்பகுதி முதலை தனி இனமாக அறிவிக்கப்பட்டது. உருவத்தால் ஒன்றெனத் தோன்றியது இரண்டாதலும், வேறெனத் தோன்றியது உறவாதலும் இத்துறையில் இன்றும் நிகழ்கின்றன.

5. மூன்று பெயரும் மூன்று இனமும்

இப்பின்னணியில் முதல் வினாவுக்குத் திரும்பலாம். இந்தியாவின் மூன்று இனங்கள் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் என்பன. சங்க இலக்கியத்தின் மூன்று பெயர்களும் இவற்றையே குறித்தன எனின், கரியால் தமிழகத்தில் வாழ்ந்திருத்தல் வேண்டும். கரியாலின் இயற்கைப் பரவல் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி முதலிய வட, கிழக்கிந்திய ஆற்றுத் தொகுதிகளைச் சார்ந்தது. காவிரியிலோ வைகையிலோ பாலாற்றிலோ அது வாழ்ந்தமைக்குச் சான்றில்லை. ஆகவே மூன்றுக்கு மூன்று என்னும் பொருத்தம் நிலைபெறாது.

இரு இனங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. சதுப்புநில முதலை காவிரி, கொள்ளிடம், அமராவதி ஆகியவற்றில் இன்றும் வாழ்கிறது. உவர்நீர் முதலை இலங்கையில் இன்றும் உண்டு. தென்னிந்தியக் கழிமுகங்களிலும் முன்பு வாழ்ந்தது. கடலையும் கழியையும் நன்கறிந்த பழந்தமிழர் இவ்விரண்டையும் பிரித்தறிந்திருக்கக்கூடும். ஆனால் குறிஞ்சிப்பாட்டின் களம் மலைச்சாரல் ஆறு. உவர்நீர் முதலைக்குரிய கழிமுகம் அன்று. மூன்று பெயர்களும் அங்கு ஒருங்கே வருதலால், இனவேறுபாடு மட்டுமே பெயர் வேறுபாட்டுக்கு அடிப்படை என்னும் கருத்து மேலும் தளர்கிறது.

எனவே பால், வளர்ச்சிநிலை, உருவளவு, வாழிடம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இப்பெயர்களுக்கு அடிப்படையாக இருந்திருத்தல் கூடும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. கராம் ஆண்முதலை எனப் பொருள்படும் அகராதி வழக்கு இதற்கு அரணாகிறது. முதலையோடு அன்றாடம் வாழும் சமூகத்திற்கு, கழுத்து தடித்த பெரிய ஆணும் சிறிய முதலையும் ஒரே அளவில் அஞ்சத்தக்கன அல்ல. ஆடுமாடுகளுக்குப் பாலுக்கும் பருவத்துக்கும் ஏற்பத் தனிப்பெயர் வைத்த மரபு முதலைக்கும் அவ்வாறு வைத்திருந்தால் வியப்பில்லை. மரபியல் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் என உயிர்ப்பெயர்களை நிரல்படுத்துவதும் இவ்வகைச் சிந்தனையின் வெளிப்பாடே.

இம்முடிவு பழந்தமிழர் அறிவைக் குறைப்பதன்று. இன்றைய வகைப்பாட்டை அவர்கள் முன்னரே கண்டனர் என்று நிறுவ முயலும்போது, அவர்கள் உண்மையில் எதனைக் கண்டனர் என்ற வினா கைவிடப்படுகிறது. அதுவே பேரிழப்பு.

6. கிண்டியிலிருந்து வடநெம்மேலிக்கு

முதலைகளின் வகைப்பாட்டைத் தமிழர் நேரில் காணத்தக்க இடம் தென்சென்னையை அடுத்தே அமைந்தது தற்செயலான வரலாறு. 1850களில் எட்வர்டு பால்ஃபர் முயற்சியால் தோன்றிய சென்னை விலங்குக்காட்சிசாலை, 1985இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணையை அமைத்த ராமுலஸ் விட்டேகர், ஜாய் விட்டேகர் முதலியோரோடு இணைந்து 1976இல் மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையைத் தொடங்கினார். தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் அருகிய காலம் அது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும் அதே சூழலின் விளைவுகள்.

வடநெம்மேலியில் சதுப்புநில முதலைகள் மிகுதியாக இனம்பெருகின. ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிடும் இயல்பும் அங்குப் பதிவாயிற்று. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வினத்தின் பால், முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையால் அமைவதை நிறுவியது. 32.5 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில் ஆண்குஞ்சுகள் மிகுதியாகவும், 31 பாகையும் அதற்குக் குறைவும் ஆயின் பெண்குஞ்சுகளும் தோன்றும். பாலுக்கெனத் தனிக் குரோமோசோம் முதலைகளில் இல்லை.

பெருக்கம் வேறொரு சிக்கலைத் தந்தது. வளர்த்த முதலைகளை விடுவிக்கத் தக்க நீர்நிலைகள் குறைந்தன. 2022இல் 1000 சதுப்புநில முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மையத்திற்கு மாற்றும் முடிவு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது; நீதிமன்றம் அதனைத் தடுக்கவில்லை. அழிவிலிருந்து காக்கப்பட்ட ஓர் இனத்திற்கு நிலம் இல்லை என்னும் நிலை இதனால் வெளிப்பட்டது.

7. நெடுங்குன்றம் முன்வைக்கும் வினா

நெடுங்குன்றம், பெருங்களத்தூர்ப் பகுதி மக்கள் தம் ஏரிகளில் முதலை இருப்பதைப் பல ஆண்டுகளாகவே கூறிவந்துள்ளனர். ஏரியை ஒட்டி வீடுகள் பெருகிய நிலையில், குழந்தைகளையும் கால்நடைகளையும் எண்ணி அவர்கள் கொள்ளும் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. அதே வேளையில், சதுப்புநில முதலையின் இயல்பு ஏரிக்கு மிகவும் பொருந்துவது. அது நன்னீரை விரும்பும்; கரையில் வளை தோண்டித் தங்கும்; நீர் வற்றினாலோ பெருகினாலோ நிலத்தின்மேல் நடந்து அடுத்த நீர்நிலையை அடையும். உவர்நீர் முதலையும் அலிகேட்டரும் தழைகளைக் குவித்து மேடிட்டு முட்டையிடும். சதுப்புநில முதலையோ கோடையின் முற்பகுதியில் கரைமண்ணில் குழிதோண்டி முட்டையிடும். ஏரிக்கரை அதற்கு ஏற்ற இடமே. புயல் இரவில் சாலையைக் கடந்த விலங்கு தன் இனத்தின் இயல்பான செயலையே செய்தது.

தப்பியது என்னும் சொல் அவ்விலங்கைப் பிறர் உடைமையாக்குகிறது. வாழ்வது என்னும் சொல் அதனை ஏரியின் உயிராக்குகிறது. இரண்டில் எது உண்மை என்பதை மரபணு ஒப்பீட்டால் ஆராய இயலும். அம்முடிவு எதுவாயினும், அவ்விலங்கு அலிகேட்டர் அன்று, உவர்நீர் முதலையும் அன்று என்று மக்களுக்குத் தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இனந்தோறும் இயல்பு வேறாகையால், அச்சத்தின் அளவும் எச்சரிக்கையின் முறையும் அத்தெளிவைப் பொறுத்தே அமையும்.

முடிவுரை

முதலை, இடங்கர், கராம் என்பன குறிஞ்சிப்பாட்டில் வேறுபட்ட உயிர்களாகவே எண்ணப்படுகின்றன. எனினும் அவை இந்தியாவின் மூன்று முதலையினங்களோடு ஒன்றுக்கொன்று பொருந்துவன அல்ல. கரியாலின் பரவலும் அப்பாட்டின் களமும் அதற்கு இடந்தரவில்லை. பாலும் பருவமும் உருவளவும் அப்பெயர் வேறுபாட்டில் பங்கு பெற்றிருத்தல் கூடும். அலிகேட்டர் என்னும் சொல் தென்னிந்திய முதலைக்கு வழங்கியது குடியேற்றக் கால வழக்கின் விளைவு, அறிவியல் அடிப்படையற்றது. இடங்கர், கராம் என்னும் சொற்களை அலிகேட்டர், கரியால் ஆகியவற்றுக்குக் கலைச்சொல்லாக்கும் முயற்சி, அவற்றின் பழம்பொருளை மறைத்துவிடும். ஒலிபெயர்ப்பும் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை போன்ற விளக்கப் பெயர்களுமே இப்போதைக்குத் தக்கன. காவிரி, கொள்ளிடம், அமராவதிக் கரைகளில் வாழும் மீனவர், உழவர் வாய்மொழியில் முதலையின் பாலுக்கும் பருவத்துக்கும் உரிய வட்டாரப் பெயர்கள் எஞ்சியுள்ளனவா என்பதைத் தொகுத்தல் இவ்வாய்வின் அடுத்த படியாக அமையும். அப்பெயர்கள் கிடைப்பின், கபிலர் மூன்றாக எண்ணியதன் காரணம் துலங்க வாய்ப்புண்டு.